பாட்டு கிளாஸுக்கு எந்த வயசு சரியான வயசு?

'என் பெண்ணுக்கு ஆறரை வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே வயதுதான். அவன் கீபோர்டில் நான்கு சினிமாப் பாட்டு வாசிக்கிறான். அதைப் பார்த்து இவளையும் அதே கிளாஸில் சேர்த்தோம். மூன்று மாதம் போனாள். "உங்க பொண்ணுக்குக் காது இல்லம்மா, பீஸ்தான் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எந்நேரமும் எதையாவது பாடிக்கொண்டே திரிந்தவள் அவள். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. "பாட்டெல்லாம் பரம்பரையா வரணும், நமக்கு எதுக்கு" என்கிறார் மாமியார். அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டோமா? இல்லை, அவளுக்கு வராதா? ஏழு வயது தாண்டினால் லேட் ஆகிவிடுமா?'

- திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி.

கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆனால், என்னை உறுத்திய வரி கேள்வியாக இல்லை: 'இப்போது அதுவும் குறைந்துவிட்டது.' கிளாஸ் போனால் போகட்டும், வேறு கிளாஸ் கிடைக்கும். ஆறு வயதில் 'உனக்குக் காது இல்லை' என்று கேட்ட குழந்தை, அறுபது வயது வரை 'எனக்குப் பாட வராதுங்க' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் வீடுகளில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதனால், எந்த வயதில் சேர்ப்பது என்பதைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

மூன்று பேர், மூன்று வயது

தேவாரம் பாடிய மூவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணம் சொல்வதன்படி, சம்பந்தர் சீர்காழிக் குளக்கரையில் முதல் பாட்டைப் பாடியபோது மூன்று வயதுக் குழந்தை. சுந்தரர் முதல் பதிகம் பாடியது கல்யாண மாப்பிள்ளையாக இருந்தபோது; பாடிய ஊர், நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர். நாவுக்கரசரோ பல ஆண்டுகள் சமணத் துறவியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பண்ருட்டி பக்கத்திலிருக்கும் திருவதிகையில் பாடத் தொடங்கியவர். மூன்று பேரையும் வரிசையில் வைத்துத்தான் கும்பிடுகிறோம். சீக்கிரம் தொடங்கியவருக்கு ஒரு மார்க் கூட என்று யாரும் போடவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினைத் தானாக எடுத்து மீட்டத் தொடங்கினார். மகனின் ஆர்வத்தைப் பார்த்த பிறகுதான் அப்பா முறையாகக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இளையராஜா 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார். மேற்கத்திய இசையை தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகக் கற்றது, இருபத்தைந்து வயதை ஒட்டி சென்னைக்கு வந்த பிறகுதான். இருவருக்கும் பொதுவாக இருப்பது வயதல்ல. கிளாஸுக்கு முன்பே வீட்டிலும் ஊரிலும் காது நிறையக் கேட்டிருந்தது.

'ஏழு தாண்டினால் போச்சு' என்பது உண்மையா?

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. எந்தத் துணையும் இல்லாமல், கேட்ட மாத்திரத்தில் 'இது இன்ன சுரம்' என்று சொல்லும் திறன் சிலருக்கு உண்டு. ஆறு, ஏழு வயதுக்குள் இசை தொடங்கியவர்களிடம்தான் அது அதிகம் காணப்படுகிறது. ஆனால், நம் இசைக்கு அது அவசியமே இல்லை. கர்நாடக இசையில் பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியை வைத்துக்கொள்கிறார். அந்த 'ஸ'விலிருந்து மற்ற சுரங்கள் எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. அதை ஏழிலும் கற்கலாம், பதினேழிலும் கற்கலாம்.

'சீக்கிரம் சேர்த்தால் கணக்கு நன்றாக வருமாமே' என்றும் கேட்கிறார்கள். 1993-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வுதான் அந்தப் பேச்சுக்கு மூலம். அதில் மொஸார்ட் இசையைக் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒருவகைப் புதிர்களில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். அதுவும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நின்றது. குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லவே இல்லை. கணக்குக்காகப் பாட்டு கிளாஸ் வேண்டாம். பாட்டுக்காகச் சேருங்கள்.

குழந்தை தயாரா? வீட்டிலேயே பாருங்கள்

ஸ்கூலுக்கு வயது பார்ப்பதுபோல இதற்கு ஒரே எண் கிடையாது. கீழே உள்ள ஐந்தில் மூன்று நான்கு இருந்தால் நல்ல நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

1. கேட்டதைத் திருப்பித் தருகிறதா? நீங்கள் ஒரு சுரத்தை 'ஆ' என்று இழுத்தால், அதே உயரத்துக்கு வர முயற்சி செய்கிறதா? கவனம்: பெரியவர்களின் குரலைவிடக் குழந்தையின் குரல் மேலே இருக்கும். ஆண் ஆசிரியர் ஒரு கட்டையில் பாடிக்காட்டினால் பல குழந்தைகளுக்கு அங்கே இறங்க வராது. உடனே 'சுருதி இல்லை' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் வைத்துப் பாருங்கள், பாதிப் பேர் சேர்ந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கும் பாடப் பாட வரும். காது நிஜமாகவே பிரித்தறியாதவர்கள் மிகச் சிலர்தான்.

2. தாளம் நிற்கிறதா? ஆதி தாளத்தை விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. தட்டிக்கொண்டே எட்டுப் பழத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கையும் வாயும் சேர்ந்து ஓடினால் சரளி வரிசைக்குத் தயார்.

3. பத்து நிமிடம் ஓர் இடத்தில் இருக்குமா? டி.வி., போன் முன்னால் இருப்பது கணக்கில்லை. கதை கேட்க, படம் வரைய, பூ தொடுக்க என்று எதிலாவது பத்து நிமிடம் நிலைத்தால் போதும்.

4. திருத்தினால் தாங்குமா? 'இப்படி இல்ல, இன்னொரு தடவ' என்று சொன்னதும் அழுது எழுந்து போகிற வயது சீக்கிரம் கடந்துவிடும். அதுவரை ஆறு மாதம் பொறுப்பதில் நஷ்டம் ஏதுமில்லை.

5. இரண்டாவது தடவை கேட்கிறதா? பக்கத்து வீட்டு கீபோர்டைப் பார்த்ததும் எந்தக் குழந்தையும் 'எனக்கும் வேணும்' என்றுதான் சொல்லும். ஒரு மாதம் கழித்து, யாரும் ஞாபகப்படுத்தாமல் மறுபடியும் கேட்டால் அதுதான் ஆசை.

பாட்டா, வாத்தியமா?

குழந்தை தயாராக இருந்தாலும், அதன் உடம்பு எல்லா வாத்தியத்துக்கும் தயாராக இருக்காது.

பாட்டுக்கு ஐந்து, ஆறு வயதே போதும். ஆனால், தொண்டையைக் கிழித்து மேல் ஸ்தாயிக்கு ஏற்றக் கூடாது. பையன்களுக்குப் பன்னிரண்டு, பதினான்கு வயதில் குரல் உடையும். அப்போது குரல் நழுவினால் பயப்படாதீர்கள், திட்டாதீர்கள். சுருதியைக் குறைத்து, மெதுவாகத் தொடரலாம்.

வயலின் சிறிய அளவுகளிலும் கிடைக்கிறது. கால், அரை, முக்கால் என்று கையின் நீளத்துக்கு ஏற்ப வாங்கலாம். ஆறேழு வயதுக்குப் பெரியவர்களின் வயலினைக் கொடுத்தால் தோள்தான் வலிக்கும்.

புல்லாங்குழலுக்கு முன் பற்களைப் பாருங்கள். பால் பல் விழுந்து, மேல் பல் முளைத்து நிற்க ஏழெட்டு வயது ஆகும். துளைகளை மூட விரல் எட்டவும் வேண்டும்.

மிருதங்கத்தில் இரண்டு பக்கமும் கை சௌகரியமாக எட்ட வேண்டும். அதுவரை 'த தி தொம் நம்' என்று வாயால் சொற்கட்டு சொல்லிப் பழகலாம். அதற்குச் செலவே இல்லை.

வீணை ஏறக்குறைய நாலடி நீளம். கீழே உட்கார்ந்து தாங்கிப் பிடித்து வாசிக்க ஒன்பது, பத்து வயது ஆவது நல்லது. நாதஸ்வரத்துக்கு மூச்சு வேண்டும்; அதுவும் பத்து வயதுக்கு மேல்தான்.

கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சரியான சுரம் வந்துவிடும். அதுவே அதன் சௌகரியம், அதுவே குறையும். விரல் பழகும், காது சும்மா இருந்துவிடலாம். ஹங்கேரியின் இசைமேதை ஸோல்டான் கோடாய், குழந்தைகள் முதலில் பாட வேண்டும், வாத்தியம் பிறகு என்று வலியுறுத்தினார். நம்மிடமும் வீணைக்காரர், வயலின்காரர் எல்லோரும் சரளி வரிசையை வாயால் பாடிவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள்.

வீடு தயாரா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் கிளாஸ் என்றால், மீதி நாளெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை தானாக உட்கார்ந்து சாதகம் செய்யாது. பல் தேய்க்கவே நாம் கூட நிற்க வேண்டியிருக்கிறதே! ஜப்பானைச் சேர்ந்த ஷினிச்சி சுசுகி மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்கும் முறையை உருவாக்கியவர். அவருடைய முறையில் அம்மாவோ அப்பாவோ முதலில் வயலின் பாடம் கற்றுக்கொள்ள வேண்டும். தாய்மொழியைக் கற்பதுபோல, வீட்டில் கேட்டுக் கேட்டுத்தான் இசையும் வரும் என்பது அவர் எண்ணம்.

நீங்கள் பாடகியாக இருக்க வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. அம்மா சமையலில் இருந்தால் அப்பா, அப்பா ஷிப்டில் இருந்தால் ஆயா. யார் என்பது முக்கியமில்லை, தினமும் என்பது முக்கியம். பீஸ் கட்டுவதற்கு முன்னால் இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். போனில் சுருதிப் பெட்டி ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஓடவிட்டு, குழந்தையோடு சேர்ந்து 'ஸ' பாடுங்கள், தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடுங்கள், தாளம் போடுங்கள். பதினான்கு நாளில் பத்து நாளாவது நடந்தால் உங்கள் வீடு தயார். மூன்று நாள்தான் நடந்தது என்றால் பிரச்சினை குழந்தையின் 'ஞான'த்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்துகொண்டு சேர்க்கலாம்.

கேட்பதற்கும் குறைவில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து நடக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், எட்டூருக்குக் கேட்கும் தொண்டை. பாயில் பாதித் தூக்கத்தில் கிடக்கிற குழந்தையின் காதில் அவ்வளவும் இறங்கும். கூத்துக் கலைஞர்கள் பலர் இப்படிக் கிடந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான். 'பரம்பரையா வரணும்' என்று மாமியார் சொல்வதில் பாதி சரி. ஆனால், அது ரத்தத்தில் வந்ததில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் வந்தது. அதை எந்த வீடும் தரலாம்.

நம்ம ஊரில் எங்கே?

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளி விழுப்புரத்தில் இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் கற்றுத்தருகிறார்கள். மூன்று ஆண்டு சான்றிதழ் படிப்பு. சேர்வதற்கான வயது 12 முதல் 25 வரை. கவனித்தீர்களா? அரசு இசைப்பள்ளியே 12 வயதில்தான் கதவைத் திறக்கிறது. ஏழு வயதில் லேட் என்று கவலைப்படுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகிய பிரிவுகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மற்றவற்றுக்கு ஏழாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். ஆனால், இது பகல் நேர வகுப்பு. அதனால், ஸ்கூல் போகிற பிள்ளைக்குப் பொருந்தாது. பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்துவிட்டு இசையையே படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்குச் சரி.

சின்னக் குழந்தைகளுக்கு அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. 5 முதல் 16 வயது வரை சேரலாம். ஸ்கூல் நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் பாட்டு, நடனம், ஓவியம் போன்றவற்றைக் கற்றுத்தருவதற்கான இடம் இது. துறை நடத்தும் கலைப் போட்டிகளிலும் 5-8, 9-12, 13-16 என்று வயதுப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். இப்போது எந்தெந்த வகுப்பு, எந்தெந்த நாள் என்பதை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். போக வர இரண்டு மணி நேரமாவது ஆகும். முக்கால் மணி நேர கிளாஸுக்காக ஆறு வயதுக் குழந்தையை வாரம் மூன்று நாள் பஸ்ஸில் இழுத்துப்போனால், அது பாட்டை அல்ல, பஸ்ஸைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். உள்ளூரில் பொறுமையான ஓர் ஆசிரியர் கிடைத்தால், முதல் இரண்டு வருடத்துக்குப் பெரிய வித்வானைவிட அவரே மேல். பக்கத்துத் தெருவில் கற்ற அக்காவாகக்கூட இருக்கலாம். பாடம் வளர்ந்த பிறகு பயணம் செய்யலாம்.

ஆசிரியரிடம் என்ன பார்ப்பது?

முதல் கிளாஸில் நீங்களும் உட்கார அனுமதி கேளுங்கள். கூடவே கூடாது என்றால் வேறு இடம் பாருங்கள். கதவு திறந்திருக்க வேண்டும். அடி, கிள்ளு, 'மக்கு' என்ற பேச்சு இருக்கக் கூடாது. 'மூணே மாசத்துல ஸ்டேஜ்' என்று வாக்குக் கொடுப்பவரைவிட, 'முதல்ல ஒரு மாசம் பார்ப்போம்மா' என்று சொல்பவரை நம்புங்கள். வருட பீஸை மொத்தமாகக் கட்ட வேண்டாம். வாத்தியத்தை முதல் மாதமே வாங்கவும் வேண்டாம்.

சேர்த்த பிறகு ஒன்று நடக்கும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் சலிப்பு வரும். சரளி வரிசையை மூன்று காலத்திலும் திரும்பத் திரும்பப் பாட எந்தக் குழந்தைக்கும் அலுக்கும். ஒருநாள் அழுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லி நடுவில் ஒரு சின்னப் பாட்டு கேளுங்கள். ஆனால், கிளாஸ் உள்ள நாளெல்லாம் வயிறு வலிக்கிறது, அந்த ஆசிரியர் பெயரைக் கேட்டாலே முகம் மாறுகிறது என்றால் அது சோம்பல் அல்ல. உடனே நிறுத்தி, என்ன நடந்தது என்று மெதுவாகக் கேளுங்கள்.

திண்டிவனம் வாசகிக்கு

அம்மா, உங்கள் பெண்ணுக்குக் காது இல்லை என்று நான் நம்பவில்லை. நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருந்த குழந்தைக்குக் காது எப்படி இல்லாமல் போகும்? பாடுகிற குழந்தையை கீபோர்டு முன்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது ஒத்துவந்தது, இவளுக்கு ஒத்துவரவில்லை. அவ்வளவுதான்.

இப்போது உடனே இன்னொரு கிளாஸ் வேண்டாம். 'அவங்க சொன்னது தப்பு, நீ பாடினா எனக்குப் பிடிக்கும்' என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அந்த வார்த்தைதான் அவளிடம் தங்கும். ராத்திரி படுக்கும்போது நீங்கள் ஒரு பாட்டு பாடுங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. பாடச் சொல்லிக் கேட்காதீர்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் நிறுத்தாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மாமியாரிடம் அவர் சின்ன வயதில் கேட்ட தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி ஏதாவது இருந்தால் பேத்திக்குப் பாடிக்காட்டச் சொல்லுங்கள். பரம்பரை வேண்டும் என்றவர்தானே, அவரே ஆரம்பிக்கட்டும்!

அவள் மறுபடியும் தானாகப் பாட ஆரம்பித்து, ஒரு நாள் 'பாட்டு கிளாஸ் போகட்டுமா?' என்று கேட்டால் சேர்த்துவிடுங்கள். பாட்டு கிளாஸில், கீபோர்டில் அல்ல. அந்த நாள் எட்டு வயதில் வந்தாலும் சரி, பத்து வயதில் வந்தாலும் சரி, லேட் இல்லை. கேட்கவே இல்லை என்றாலும் குறைவில்லை. வீட்டில் வாய் நிறையப் பாடுகிற ஒரு பெண் இருப்பாள்.